மாடியில் சோலாரா, வாசலில் மின்சார ஸ்கூட்டரா: முதலில் எதற்குப் பணம் போடுவது?

கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது, அல்லது அந்த அளவுக்குக் கடன் வாங்கத் தெம்பு இருக்கிறது. மொட்டை மாடியில் சோலார் போடுவதா, பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிட்டு மின்சார ஸ்கூட்டர் எடுப்பதா? இரண்டுக்கும் அரசுச் சலுகை உண்டு, இரண்டையும் விற்க ஆள் வீடு தேடி வருகிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் "எதுக்கு மானியம் அதிகம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அது தப்பான தொடக்கம். மீட்டர் பக்கத்தில் செருகி வைத்திருக்கும் வெள்ளை அட்டையை எடுங்கள், இல்லையென்றால் மின்வாரியத் தளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டுக் கடந்த ஓராண்டின் ஆறு பில்களையும் பாருங்கள். அப்புறம் வண்டியின் ஓடோமீட்டரைப் பாருங்கள். விடையில் முக்கால்வாசி அந்த இரண்டு இடத்திலும் இருக்கிறது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், வேறு மாநிலத்துக்குச் சரியாக வரும் சோலார் கணக்கு நமக்கு வராது. 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலேயும் ஆரம்ப ஸ்லாபுகள் (யூனிட் கூடக் கூட ஏறும் விலைப் படிகள்) மலிவுதான். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30 கட்டுகிறது (2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வீட்டுக்காரர் கையிலிருந்து போகும் விலை இது). 500-ஐத் தாண்டிவிட்டால் கதை வேறு. அந்த 2.35 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும், 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேலே 11.55.

இதையே பில்லாகப் போட்டுப் பாருங்கள். 400 யூனிட் வீட்டுக்கு 1,175 ரூபாய். 800 யூனிட் வீட்டுக்கு 4,770 ரூபாய். யூனிட் இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது, பணம் நான்கு மடங்கு. 1,000 யூனிட் ஓடினால் 6,870. சோலார் போட்டால் எவ்வளவு மிச்சம் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் உங்கள் பேனல் தயாரிக்கும் ஒரு யூனிட் சிலர் வீட்டில் 10 ரூபாயைக் காப்பாற்றுகிறது, சிலர் வீட்டில் 2.35 ரூபாயை.

சரி, சோலார் பக்கம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது, ஒரு கோடி வீடு இலக்கு. மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதாவது 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலே எவ்வளவு போட்டாலும் 78,000. விளம்பரத்தில் பெரிதாக வருவது அந்த 78,000-தான், அதனால் விற்க வருபவர்களும் நேராக 3 கிலோவாட்டுக்கே விலை சொல்கிறார்கள். நம்மூர் வெயிலுக்கு 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் குறையும், மார்ச் ஏப்ரலில் கூடும்.

நெட் மீட்டரிங் முறையில் பகலில் நீங்கள் பயன்படுத்தாமல் வெளியே தள்ளும் மின்சாரத்தை, நீங்கள் வாங்கும் மின்சாரத்தில் கழித்து மிச்சத்துக்குத்தான் பில் போடுவார்கள். 2021 அக்டோபரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு இதைத் திரும்பக் கொண்டுவந்தது. கழிப்பது மேலே இருக்கும் விலை உயர்ந்த ஸ்லாபிலிருந்து கீழ்நோக்கி வருகிறது என்பதைக் கவனியுங்கள், இதுதான் பலர் பார்க்காமல் விடும் இடம்.

800 யூனிட் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழியும், மிச்சம் 320, பில் சுமார் 800 ரூபாய். ஒரு பில்லுக்கு ஏறக்குறைய 3,970 மிச்சம், வருடத்துக்கு 23,800. 2 கிலோவாட்டுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்கிறார்கள் என்றால் மானியம் போக 80,000. மூன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். நல்ல முதலீடு, சந்தேகமே வேண்டாம். இப்போது அதே வீட்டில் 3 கிலோவாட் போட்டால்? பில் பூஜ்யமாகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது கிலோவாட் கூடுதலாகக் காப்பாற்றுவது அந்த 800 ரூபாயை மட்டும்தான், வருடத்துக்கு 4,800. அதற்கு மானியம் போக நாற்பதாயிரம் ரூபாயாவது கூடுதலாகப் போட்டிருப்பீர்கள். அந்த ஒரு கிலோவாட்டுக்கு மட்டும் பணம் திரும்ப எட்டு ஒன்பது வருடம். பூஜ்யம் பில் என்ற ஆசையை விட்டுவிட்டு 2 கிலோவாட்டோடு நிறுத்தி, மிச்சப் பணத்தை ஸ்கூட்டருக்கு முன்பணமாக வைத்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டுமே கிடைத்திருக்கும். இதை யாரும் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் 1,000 யூனிட் ஓடும் வீட்டுக்கு மூன்றாவது கிலோவாட் வேண்டும். அங்கே 2 கிலோவாட் போட்ட பிறகும் 520 யூனிட் நிற்கும், 500-ஐத் தாண்டிய விலையிலேயே சிக்கியிருப்பீர்கள், பில் 2,200 ரூபாய். மூன்றாவதைச் சேர்த்தால் 280 யூனிட்டுக்கு இறங்கி 611 ரூபாயாகும். இரண்டு ஏசி, பெரிய குடும்பம், போர் மோட்டார், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் என்று இருக்கும் வீடு பெரும்பாலும் இந்த ரகம்.

400 யூனிட் வீட்டுக்கு வாருங்கள். 2 கிலோவாட் போட்டால் பில் காலியாகும், வருடத்துக்கு 7,050 மிச்சம், 80,000 திரும்பி வர 11 வருடம். 1 கிலோவாட் மட்டும் போட்டால் வருடத்துக்கு 6,200 மிச்சம், மானியம் போக 45,000 செலவு என்று வைத்தால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே. பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் இருப்பதால் இதுவும் நஷ்டம் இல்லை, ஆனால் அவசரப்பட வேண்டிய செலவும் இல்லை. மாதம் அறுநூறு ரூபாய்கூட கரண்டுக்குக் கட்டாத வீடு பெட்ரோலுக்கு மாதம் 1,700 கட்டிக்கொண்டிருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வண்டியைத்தான்.

இரண்டு மாடி, இரண்டு மீட்டர் இருக்கும் வீடுகளுக்கும் இதே கதைதான். கீழே 400, மேலே 400 ஓடினால் மொத்தம் 2,350 ரூபாய்தான் கட்டுகிறீர்கள், ஒரே மீட்டர் 800-க்கு 4,770 கட்டுவது போல இல்லை. சோலார் ஒரு இணைப்போடுதான் சேரும். மேலே இருக்கும் பேனல் கீழ்வீட்டு மீட்டரில் கழியாது.

இப்போது ஸ்கூட்டர். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 750 கிலோமீட்டர் ஓட்டுபவர் லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டரில் மாதம் 17 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போடுவார். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,670 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 25 யூனிட் போதும். யூனிட் 4.70 விலையில் 118 ரூபாய், 9.45 விலையில் 236 ரூபாய். எந்த ஸ்லாபில் இருந்தாலும் மாதம் 1,350-க்கு மேல் மிச்சம். ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் சுத்தம் செய்வது எதுவும் கிடையாது, பிரேக்கும் டயரும்தான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 480 யூனிட்டில் நிற்கும் வீட்டில் ஸ்கூட்டரின் 50 யூனிட் சேர்ந்தால் 530 ஆகும். 1,679 ரூபாய் கட்டிய பில் 2,292 ஆகிவிடும். ஐம்பது யூனிட்டுக்கு 613 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல். "மின்சார வண்டி வாங்கினேன், கரண்ட் பில் எகிறிவிட்டது" என்று பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த 500-ஐத் தாண்டியவர்கள்தான். அப்போதும் இரண்டு மாதப் பெட்ரோல் 3,340 ரூபாயோடு ஒப்பிட்டால் 613 சின்னத் தொகை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைக்கூடத் தவிர்க்க வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

ஸ்கூட்டருக்கான சலுகைகள் சோலார் மானியம் மாதிரி நிலையாக நிற்கவில்லை. மின்வண்டிகளுக்கான மத்திய அரசின் பழைய ஃபேம் மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 2021-ல் பேட்டரி கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (அதாவது ஒரு யூனிட்டுக்கும்) 15,000 ரூபாய் கொடுத்தார்கள். 2023 ஜூனில் 10,000 ஆனது. 2024 ஏப்ரலில் அந்தத் திட்டமே முடிந்து 5,000-க்கு வந்தது. 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டமும் முதல் ஆண்டு 5,000, வண்டிக்கு அதிகபட்சம் 10,000. 2025-26-ல் அதுவும் பாதியாகி வண்டிக்கு 5,000 ரூபாய்தான் உச்சமாக இருந்தது. இதற்கு நடுவில் 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மின்சார வண்டிக்கு முன்பும் 5, இப்போதும் 5. ஆக விலை இடைவெளி ஒரு பக்கம் மானியம் குறைந்ததாலும் மறுபக்கம் பெட்ரோல் வண்டி மலிந்ததாலும் கூடியிருக்கிறது. பழைய யூடியூப் வீடியோக்களில் சொல்லும் கணக்கை நம்பி ஷோரூமுக்குப் போகாதீர்கள்.

மாநிலச் சலுகையில் பெரியது சாலை வரி. 2023 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 2025 டிசம்பர் 31 வரைக்கும் 100 சதவீத வரி விலக்கு என்றது. பெட்ரோல் இருசக்கர வண்டிக்கு 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேலே 12 சதவீதம் வாழ்நாள் வரி. ஒரு லட்ச ரூபாய் வண்டியில் 10,000 என்பது மத்திய அரசு 2025-26-ல் கொடுத்த மானியத்தைவிடப் பெரிது. அதனால் நீங்கள் வாங்கும் நாளில் ஆன்-ரோடு விலைப் பட்டியலில் வரி என்ற வரியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்போ ஸ்கூட்டர் யாருக்கு லாபம்? எப்படியும் புது வண்டி வாங்கப் போகிறவருக்கு லாபம். பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் மின்சாரத்துக்கும் விலை வித்தியாசம் 20,000 என்று வந்தால், 750 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது பதினாலு மாதத்தில் திரும்பிவிடும். இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் வீட்டுச் செலவுகள் குறைவு. ஆனால் ஐந்து வருடம்கூட ஆகாத நல்ல பெட்ரோல் வண்டியை முப்பதாயிரத்துக்குத் தள்ளிவிட்டு 1.2 லட்சத்துக்குப் புதுசு எடுத்தால் கணக்கு வேறு. அப்போது 90,000 ரூபாய் திரும்ப வேண்டும், அதற்கு ஐந்து வருடம். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டி மாதம் 250 கிலோமீட்டர் தாண்டாதவர்கள் அவசரப்படவே வேண்டாம். மாதம் 500 ரூபாய் மிச்சத்துக்காக வாங்கினால், வண்டி ஓடாமல் நின்றாலும் பேட்டரிக்கு வயசாகிக்கொண்டுதான் இருக்கும்.

பேட்டரி பற்றிய பயத்தை ஒதுக்கிவிட முடியாது. 2022-ல் வண்டிகள் எரிந்த செய்திகள் வந்த பிறகு பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகளைக் கடுமையாக்கினார்கள், இப்போது விற்கும் வண்டிகள் அதைத் தாண்டித்தான் வருகின்றன. சில நிறுவனங்கள் எட்டு வருடம், 80,000 கிலோமீட்டர் வரைக்கும் நீட்டித்த வாரண்டி தருகின்றன. அதற்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், வண்டி விலையில் மிகப் பெரிய பங்கு அந்தப் பெட்டிதான். சென்னை, கடலூர் மாதிரி தண்ணீர் நிற்கும் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஐபி 67 என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருவில் தண்ணீர் நின்றது நாள் கணக்கில். வண்டியை மேடான இடத்தில் நிறுத்த வசதி இல்லாத வீடு என்றால் காப்பீட்டில் வெள்ள சேதம் எப்படி வருகிறது என்று படித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சர்வீஸ் சென்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏத்தரும், போச்சம்பள்ளியில் ஓலாவும், ராணிப்பேட்டையில் ஆம்பியரும் வண்டி செய்கிறார்கள், நாட்டின் மின்சார ஸ்கூட்டரில் பெரும்பகுதி நம் மாநிலத்திலிருந்துதான் போகிறது. அதைப் பார்க்கும்போது பெருமையாக இருக்கிறது. ஆனாலும் உங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் சர்வீஸ் இல்லை என்றால் அந்த பிராண்டை விட்டுவிடுங்கள். பெட்ரோல் வண்டியைத் தெருமுனை மெக்கானிக் பார்த்துவிடுவார், இதை அவரால் திறக்க முடியாது. வாங்கும் முன் ஷோரூமுக்குப் போவதைவிட ஒரு சனிக்கிழமை காலை அந்த சர்வீஸ் சென்டர் வாசலில் பத்து நிமிடம் நின்று, வண்டி விட வந்தவர்களிடம் எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள்.

சோலாருக்கும் இப்படி நேரில் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. மாடிக்குக் காலை 9 மணிக்கு ஒரு முறை, மதியம் 12 மணிக்கு ஒரு முறை, மாலை 4 மணிக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். சின்டெக்ஸ் டேங்கின் நிழல், படிக்கட்டு அறையின் நிழல், பக்கத்து வீட்டுத் தென்னை, எதிர்ப்பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் மூன்றாவது மாடி, இவை எந்த நேரத்தில் எங்கே விழுகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளலாம். ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தால் அந்த ஒன்று மட்டும் குறையாது, ஒரே வரிசையில் இணைத்திருக்கும் மற்ற பேனல்களையும் அது இழுத்துப் பிடிக்கும். 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். துணி காயப்போடவும் வடகம் வற்றல் போடவும் மாடி வேண்டும் என்பவர்கள் கீழே ஆள் நடக்கிற மாதிரி உயர்த்திக் கட்டும் அமைப்பைக் கேட்கிறார்கள். அதற்கு விலை கூடும், புயல் காற்றையும் அது அதிகம் வாங்கும், ஆகையால் தூண் அடியில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் அதை வைத்துப் பேனலைக் கழுவினால் வெள்ளைப் படலம் படியும், துடைக்காமல் விட்டால் உற்பத்தியும் குறையும்.

இன்னொரு பெரிய ஏமாற்றம் பவர் கட். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், நல்ல வெயில் அடித்தாலும் சரி. லைனில் வேலை பார்க்கும் மின்வாரிய ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது நியாயம். சோலார் வந்தால் இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விடுங்கள்.

காகித வேலையில் பலர் மாட்டிக்கொள்வது பெயரில். இறந்துபோன தாத்தா பெயரில் இணைப்பு, அப்பா பெயரில் வீட்டு வரி, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு என்று இருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். மானியம் விண்ணப்பித்தவரின் கணக்குக்குத்தான் வரும், அதுவும் பேனல் ஏற்றி, இருவழி மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்த பிறகு. ஆகவே முதல் வேலை பெயர் மாற்றம். மானியம் வேண்டுமென்றால் இந்தியாவில் தயாரான சோலார் செல்களும் பேனல்களும்தான் போட வேண்டும், விலை குறைவு என்று வேறு எதையாவது காட்டினால் சம்மதிக்காதீர்கள். 2024 பிப்ரவரியில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரைக்கும் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவில், மின்வாரிய லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று உண்டு, மேலே நான் போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. உங்கள் இணைப்புக்கு அது எவ்வளவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடன் என்று பார்த்தால் சோலார் தெளிவாக முந்துகிறது. சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வரைக்கும் பொதுத்துறை வங்கிகள் பிணை கேட்காமல் கொடுக்கின்றன, வட்டி 6, 7 சதவீதத்தை ஒட்டித்தான். இருசக்கர வண்டிக் கடனுக்கு வட்டி அதைவிட நிறையவே அதிகம். 80,000 ரூபாயை 7 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் தவணை மாதம் 1,600-க்குக் கொஞ்சம் குறைவு. 800 யூனிட் வீட்டுக்கு 2 கிலோவாட் மிச்சப்படுத்துவது மாதம் 1,985. முதல் மாதத்திலிருந்தே தவணையைவிட மிச்சம் அதிகம். அதனால் பில் பெரிது, வண்டியும் மாற்ற வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: கையில் இருக்கும் ரொக்கத்தை ஸ்கூட்டருக்குப் போடுங்கள், சோலாருக்கு வங்கிக் கடன் வாங்குங்கள். தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம், ஷோரூமில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வண்டி கிடைக்கிறது என்பதால்.

சோலார் இருந்தால் வண்டியைப் பகலில்தான் சார்ஜ் போட வேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நெட் மீட்டரிங்கில் அது தேவையில்லை. பகலில் வெளியே போன யூனிட்டும் இரவில் வண்டி எடுத்த யூனிட்டும் பில்லில் கழிந்துவிடும். சுவரில் எர்த் சரியாக இருக்கும் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் இரவு போட்டு காலையில் எடுக்கலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் எலெக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், பழைய வீடுகளில் அது பேருக்குத்தான் இருக்கும்.

500-ஐத் தாண்டுவதைத் தவிர்க்க வழி இருக்கிறது என்றேனே, அது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட். நாளுக்கு 14 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 38 யூனிட் குறையும். இரண்டை மாற்றினால் 75 யூனிட், ஸ்கூட்டர் தின்னும் 50-ஐவிட அதிகம். செலவு ஆறாயிரம் ரூபாய்தான். மானியம் இல்லை, விழா இல்லை, யாரும் வீடு தேடி வந்து சொல்வதும் இல்லை, ஆனால் 480, 520 என்று விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு சோலாருக்கும் ஸ்கூட்டருக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். ஏசியே இல்லாத வீட்டில் இதைச் செய்த பிறகு சோலார் தேவைப்படுமா என்பதே சந்தேகம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தேர்வு எளிது. மாடி உங்களுடையது இல்லை, இணைப்பும் உங்கள் பெயரில் இல்லை, ஆக சோலார் கிடையாது. ஸ்கூட்டர் வாங்கலாம், ஆனால் வீட்டுக்காரர் பிளக் பாயிண்ட் கொடுப்பாரா என்று வாங்கும் முன் கேளுங்கள், யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசி ஒரு சப் மீட்டர் போட்டுவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது. கீழே வசதியே இல்லை என்றால் ஹீரோ நிறுவனத்தின் விடா மாதிரி கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள வண்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்கு மேல் கனக்கும், மூன்றாவது மாடிக்குப் படியேறித் தூக்க முடியுமா என்பதையும் யோசியுங்கள். தினமும் போகும் வழியில் பஸ் நன்றாக இருக்கிறது என்றால் வண்டியே வேண்டாம். சென்னையில் 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் ஓட ஆரம்பித்தன, மொத்தத் திட்டம் 625. அப்படி ஒரு தாழ்தளப் பஸ் உங்கள் வழித்தடத்துக்கு வந்துவிட்டால், உங்களுக்கு வேண்டியது மாத பாஸ் மட்டும்தான், அதற்காகக் குரல் கொடுப்பதும் இந்தச் செலவுக் கணக்கில் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் தனித்தனியாக முட்டி மோதுவதைவிடச் சங்கமாகச் சேர்ந்து போவது நல்லது. லிஃப்ட், பம்ப், பொது விளக்குக்கான பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது, ஆரம்பத்திலிருந்தே யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது (பத்து வீட்டுக்குள், லிஃப்ட் இல்லாத சின்ன குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் 5.50 ஆகக் குறைத்தார்கள்). அங்கே போடும் சோலாரின் ஒவ்வொரு யூனிட்டும் அந்த முழு விலையையும் மிச்சப்படுத்துகிறது. மானியம் கிலோவாட்டுக்கு 18,000, வண்டி சார்ஜிங் உட்படப் பொது வசதிகளுக்கு வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில் 500 கிலோவாட் வரைக்கும். பராமரிப்புக் கட்டணம் குறையும் என்று கணக்கைக் காட்டினால் சோலாருக்குத் தலையாட்டுவார்கள், அந்த இணைப்பிலேயே நாலு சார்ஜிங் பாயிண்டும் சப் மீட்டரும் கேட்டுவிடலாம். தனியாக ஒருவர் போய் "என் வண்டிக்கு பிளக் வேண்டும்" என்று கேட்டால் தீ பிடிக்கும் என்று மறுக்கும் சங்கம், இப்படிப் போனால் கேட்க உட்காரும்.

காரைப் பற்றி ஒரு வார்த்தை. வருடம் 12,000 கிலோமீட்டர் ஓடும் மின்சாரக் கார் வீட்டிலேயே சார்ஜ் ஏறினால் ஒரு பில்லுக்கு 300 யூனிட் சேரும். அப்போது 800 யூனிட் வீடு 1,100 ஆகும், நான் வேண்டாம் என்று சொன்ன அந்த மூன்றாவது கிலோவாட் அவசியமாகிவிடும். இரண்டு வருடத்தில் கார் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் சோலார் போடும்போதே (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்) சோலார் இன்வெர்ட்டரையும் மாடி இடத்தையும் அதற்கு ஏற்ற மாதிரி கேளுங்கள்.

கடைசியாக, சோலார் விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் ஐந்து விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: பேனலின் பிராண்டும் வாட்டும், இன்வெர்ட்டர் வாரண்டி எத்தனை வருடம், தாங்கும் அமைப்பு இரும்பா அலுமினியமா எவ்வளவு உயரம், மீட்டர் செலவு யாருடையது, மானியம் வரத் தாமதமானால் அந்தத் தொகையை யார் தாங்குவது. கோடையில் ஏசி ஓடும் பில்லைக் குறைக்க வேண்டுமானால் பொங்கல் முடிந்த கையோடு விண்ணப்பியுங்கள். மீட்டர் மாற்றி முடிய ஆகும் நாட்களைக் கழித்தால் ஏப்ரல் ரீடிங்குக்குச் சரியாக இருக்கும்.